சீர்திருத்த இல்லத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து முடிவெடுப்பது எப்படி?

இளம் வயதில் குற்றவழக்கில் சிக்கிய பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு சீர்திருத்த இல்லத்தின் பொறுப்பை அண்மையில் ஏற்ற ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "இல்லத்தில் எடுக்கிற முடிவுகளில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஊழியர்களோ, இடம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்கள் என்கிறார்கள். எதையெல்லாம் பிள்ளைகளோடு பேசி முடிவு செய்யலாம், எதைக் கூடாது? கடைசியில் யார் சொல் நிற்க வேண்டும்?"

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். பகிர்ந்துகொள்ளும் விஷயங்கள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, அவை நிஜமாக இருக்க வேண்டும். எதில் உங்கள் சொல்தான் முடிவு, எதில் அவர்கள் சொல், எதில் இரு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டும் என்பதை முதல் நாளே திறந்து சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கிற எல்லாவற்றுக்கும் சரி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேட்ட ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு பதில் போய்ச் சேர வேண்டும். அப்புறம், தண்டிக்கும் அதிகாரத்தை எந்தச் சூழ்நிலையிலும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊழியர்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவு ஷிப்டில் ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளோடு ஒற்றை ஆளாக நிற்பவருக்கு அந்தப் பயம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. அதிகாரம் முழுக்க இப்போது ஊழியர் கையில் இருப்பதாகவும், பகிர்ந்தால் பறிபோய்விடும் என்பதாகவும் அந்தக் கணக்கு. விளக்கணைத்த பிறகு அந்தக் கூடத்தில் நடப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எந்தப் படுக்கை யாருக்கு, யார் துணியை யார் துவைப்பது, புதிதாக வந்தவன் யாருக்கு அடங்கிப் போக வேண்டும், டிவியில் எந்தச் சேனல் என்பதையெல்லாம் தீர்மானிப்பது யார்? பிள்ளைகளுக்குள் ஏற்கெனவே ஓர் ஆட்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குத் தேர்தல் கிடையாது, பதிவேடு கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. பிள்ளைகள் முடிவெடுக்கலாமா கூடாதா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதில் எவ்வளவை வெளிச்சத்துக்குக் கொண்டுவர முடியும் என்பதுதான் நம்முன் இருக்கும் வேலை.

இதனால் என்ன பயன் என்று ஊழியர்கள் கேட்பார்கள். ஒரு பயன் கட்டுப்பாடு சம்பந்தப்பட்டது. தனக்குப் பிடிக்காத முடிவாக இருந்தாலும், அதை எடுத்த விதம் நியாயமானது என்று ஒருவருக்குத் தோன்றினால் அவர் அதற்குக் கட்டுப்படுவது எளிதாகிறது. டாம் டைலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-ல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதே ஆண்டில் லிண்ட், கான்ஃபர், எர்லி ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. ஒரு வேலைக்கான இலக்கை நிர்ணயிக்கும் முன்பே கருத்துக் கேட்கப்பட்டவர்கள், அதை மிக நியாயமான நடைமுறையாகக் கண்டார்கள். முடிவு எடுத்த பிறகு ஒப்புக்குக் கேட்கப்பட்டவர்கள்கூட, பேசவே வாய்ப்பில்லாதவர்களைவிட அதை நியாயமாக உணர்ந்தார்கள். இரண்டாவது செய்தியைப் படித்துவிட்டு, 'அப்போ கேட்ட மாதிரிக் காட்டிக்கொண்டாலே போதுமே' என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. ஆய்வுக்கூடத்துக்கு வருபவர் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். இல்லத்துப் பிள்ளை மாதக்கணக்கில் அங்கேயே இருக்கிறான். ஒப்புக்குக் கேட்டது எது, உண்மையாகக் கேட்டது எது என்று அவனுக்கு மூன்றாவது வாரத்தில் தெரிந்துவிடும். பெரியவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் போனதை வாழ்நாள் முழுக்கப் பார்த்து வந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். பொய்யை மோப்பம் பிடிப்பதில் அவர்களுக்கு நம்மைவிடப் பயிற்சி அதிகம்.

இன்னொரு பயன் வெளியே போன பிறகு தெரிவது. எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, படிப்பது, விளக்கணைப்பது எல்லாவற்றுக்கும் மணி அடிக்கும் இடத்தில் நீண்ட நாள் இருந்த பிள்ளை, வீட்டுக்குப் போன பிறகும் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டு நிற்பான். அதே பிள்ளை, கூப்பிட்டவன் வண்டியில் யோசிக்காமல் ஏறியும் போய்விடுவான். இரண்டும் ஒரே காரணத்தால்தான். தானாக ஒன்றைத் தீர்மானித்து, அதன் விளைவைப் பார்த்து, அடுத்த முறை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கவே இல்லை. எந்த வயதில் அந்தப் பழக்கம் வர வேண்டுமோ அந்த வயதை நம்மிடம் கழித்துவிட்டுப் போகிறான்.

வளரிளம் பருவத்தினருக்கு அந்த அளவு யோசிக்க வருமா என்ற கேள்விக்கும் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவரோடு பணியாற்றியவர்களும் 2009-ல் வெளியிட்ட கட்டுரை, 16 வயதை ஒட்டியவர்கள் நிதானமாக யோசிக்க நேரமும் தகவலும் கிடைக்கும்போது ஏறக்குறைய பெரியவர்களைப் போலவே ஆராய்ந்து முடிவெடுக்கிறார்கள் என்று காட்டியது. கோபத்திலும் அவசரத்திலும், நண்பர்கள் சுற்றி நிற்கும்போதும்தான் அவர்கள் பின்தங்குகிறார்கள். இதிலிருந்து நமக்குக் கிடைப்பது ஒரு நடைமுறைப் பாடம். சண்டை நடந்த மாலையில் கூட்டம் கூட்டாதீர்கள். பேசப்போகும் விஷயத்தை முந்தின நாளே எழுதி ஒட்டுங்கள். வாசிக்கச் சிரமப்படுகிற பிள்ளைக்கு அதை யாராவது வாசித்துச் சொல்லட்டும்.

இந்த யோசனை புதிதும் அல்ல. 1895-ல் நியூயார்க் மாநிலத்தின் ஃப்ரீவில் என்ற இடத்தில் வில்லியம் ஜார்ஜ் என்பவர் பிள்ளைகளின் குட்டிக் குடியரசு ஒன்றைத் தொடங்கினார். அங்கே சொந்த நாணயம், சட்டமன்றம், நீதிமன்றம், சிறை எல்லாமே இருந்தன. அதன் நிர்வாகக் குழுவில் இருந்த தாமஸ் மாட் ஆஸ்போர்ன், 1913-ல் ஆபர்ன் சிறைக்குள் ஒரு வாரம் தாமாகவே கைதியாக இருந்து பார்த்துவிட்டு, அங்கே கைதிகளின் தன்னாட்சிச் சங்கம் ஒன்றை உருவாக்கினார். ஹோமர் லேன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் அதே 1913-ல் இங்கிலாந்தின் டார்செட்டில் 'லிட்டில் காமன்வெல்த்' என்ற குடியிருப்பை நடத்தத் தொடங்கினார். குற்றம் செய்து வந்த பிள்ளைகளும் பெரியவர்களும் அங்கே ஒரே சட்டத்தின்கீழ் வாழ்ந்தார்கள். இரண்டு சிறுமிகள் லேன்மீது குற்றம் சாட்டி, அரசு விசாரணை நடந்து, 1918-ல் அது மூடப்பட்டது. அந்தக் கதையில் எனக்கு உறுத்துவது, அத்தனையும் ஒரே மனிதரைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது என்பது. நல்லவர் ஒருவரின் ஈர்ப்பில் நடக்கும் பகிர்வு அவரோடு போய்விடும். அவர்மீதே புகார் எழுந்தால் அதைக் கொண்டுபோக வேறு கதவும் இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த முன்னோடி யானுஷ் கோர்ச்சாக். குழந்தை மருத்துவர். 1912 முதல் போலந்தின் வார்சாவில் ஓர் அனாதை இல்லத்தை நடத்தியவர். அது சீர்திருத்த இல்லம் அல்ல. ஆனாலும் நமக்கு வேண்டிய பாடம் அங்கே நிறைய இருக்கிறது. அவர் பிள்ளைகளின் நீதிமன்றம் ஒன்றை அமைத்தார். நீதிபதிகள் பிள்ளைகளே. அந்த வாரத்தில் தம்மீது வழக்கு எதுவும் இல்லாதவர்களிலிருந்து சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சட்டத்தொகுப்பில் விதிகளின் எண் ஆயிரம் வரை போகும். முதல் 99 விதிகளும் விடுவிப்பதையும் மன்னிப்பதையும் பற்றியவை. பிள்ளைகள் கையில் நீதியைக் கொடுத்தவர், அதைத் தண்டனைக் கருவியாகக் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த நீதிமன்றத்தில் பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம். அரை ஆண்டுக்குள் ஐந்து முறை தாமே அதன்முன் நின்றதாகக் கோர்ச்சாக் எழுதியிருக்கிறார். ஒரு பையனைக் காதோடு அறைந்தது, ஒருவனைப் படுக்கைக் கூடத்திலிருந்து வெளியே தள்ளியது, ஒரு சிறுமியைத் திருடி என்று சந்தேகித்தது போன்றவை அந்த வழக்குகள். இல்லத்தின் தலைவர், தாம் கையை ஓங்கியதற்காகப் பிள்ளைகள்முன் வந்து விளக்கம் சொல்கிறார்! நூறு விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாலும் இதில் பாதி வேலை நடந்திருக்காது.

சோவியத் கல்வியாளர் மகாரென்கோவிடமும் ஒரு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். 1920-ல் உக்ரைனின் போல்தாவா அருகே அவர் தொடங்கிய குடியிருப்பில் பிள்ளைகள் அணிகளாகப் பிரிந்து வேலை செய்தார்கள். அணித் தலைவர்கள் கூடிய குழுதான் பல முடிவுகளை எடுத்தது. அந்த இராணுவச் சாயல் எனக்கு ஒத்துவராது. ஆனால் அவர் ஒரு தந்திரம் செய்தார். குறிப்பிட்ட ஒரு வேலைக்காகச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிக அணிகளை அமைப்பார். அந்த அணிக்குத் தலைவனாகச் சாதாரண உறுப்பினன் ஒருவனைப் போடுவார். நிரந்தர அணியின் தலைவன் அங்கே போய் அவனுக்குக் கீழே வேலை செய்வான். இதனால் தலைவர்கள் ஒரு தனிச் சாதியாக இறுகிப்போகவில்லை. உங்கள் இல்லத்தில் பிள்ளைகள் குழு ஒன்றை அமைக்கும்போது முதலில் முளைக்கப்போகும் ஆபத்து இதுதான் என்பதால் இதை நினைவில் வையுங்கள். இரகசியத் தேர்தல் வைத்தாலும், எல்லோரும் பயப்படுகிறவனுக்குத்தான் வாக்கு விழும். எனவே சில இடங்களைத் தேர்தலுக்கும் சில இடங்களைச் சீட்டுக்கும் ஒதுக்குங்கள். பதவிக்காலத்தைக் குறுக்குங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை ஒருவரே வரக்கூடாது என்று வையுங்கள்.

இனி, தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள் என்று ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். பகிர்ந்த அதிகாரம் என்ற பெயரில் மிக மோசமான காரியங்கள் நடந்திருக்கின்றன. டெக்சாஸ் சிறைகளில் கைதிகளில் சிலரையே மற்றவர்களைக் கட்டுப்படுத்தும் காவலாட்களாக வைத்திருந்த முறையை, 1980-ல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் மிகக் கடுமையாகக் கண்டித்தது. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவில் இளவயதினருக்கான சிறையில் காவலர்கள் சிலர், ஒழுங்கைக் காக்கும் வேலையைத் தமக்கு வேண்டிய கைதிகளிடம் ஒப்படைத்திருந்தார்கள். அந்தக் கைதிகள் மற்றவர்களை அடித்து, அவர்களின் தொலைபேசி நேரத்தையும் பொருள்களையும் பறித்தார்கள். எங்கே உட்காரலாம், எப்போது பேசலாம் என்பதையும் அவர்களே சொன்னார்கள். 2008-ல் அங்கே 18 வயது இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். காவலர்கள் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆள் பற்றாக்குறை இருக்கும் எந்த இல்லமும் இந்தப் பாதையில் வழுக்கிப் போகலாம். ஆரம்பத்தில் அது 'பெரிய பையன் பார்த்துக்கொள்வான்' என்ற ஒரு வரியாகத்தான் இருக்கும்.

சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறாரின் பாதுகாப்புக்காக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1990-ல் ஏற்ற ஹவானா விதிகள் இதைத் தெளிவாகவே பிரித்திருக்கின்றன. 71-ஆம் விதிப்படி, எந்தச் சிறாரையும் ஒழுங்கு நடவடிக்கை சார்ந்த பணிகளில் அமர்த்தக்கூடாது. குறிப்பிட்ட சமூக, கல்வி, விளையாட்டு நிகழ்ச்சிகளை மேற்பார்வையிடுவதும் தன்னாட்சித் திட்டங்களும் மட்டும் விலக்கு. அதாவது தன்னாட்சிக்கு இடம் உண்டு, பிள்ளையைக் காவலாளாக்க இடமில்லை. இந்த ஒரு விதியை அச்சிட்டு உங்கள் ஊழியர் அறையில் ஒட்டினாலே பல வாதங்கள் முடிந்துவிடும்.

தண்டனை இல்லாவிட்டாலும் குழு அழுத்தமே தண்டனையாக மாறலாம் என்பதையும் சொல்ல வேண்டும். சக பிள்ளைகளின் செல்வாக்கைக் கொண்டே திருத்தலாம் என்று அமெரிக்காவில் 1950-களிலிருந்து பல முறைகள் வந்தன. நன்றாக நடத்தப்பட்ட இடங்களில் பிள்ளைகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்தார்கள். கவனம் தவறிய இடங்களில் ஒருவனைச் சுற்றி உட்கார்ந்து அவன் உடையும்வரை குடைவதே 'குழுப் பேச்சு' ஆகிவிட்டது. 1999-ல் டிஷன், மெக்கார்ட், பூலான் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, வம்புக்குப் போகும் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்தால் தவறான பேச்சுக்குச் சிரிப்பும் கைதட்டலும் கிடைத்து, அதே நடத்தை வளரவும் கூடும் என்று எச்சரித்தது. ஆகவே கூட்டத்தில் தேர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கத்தான் வேண்டும். தனியொருவரின் வழக்கையோ குடும்பத்தையோ தப்பையோ கூட்டத்தில் எடுக்கவே கூடாது. கூட்டத்தில் பேசுவது பொதுவான ஏற்பாடுகளை மட்டுமே.

சரி, எதைத்தான் பகிர்வது? நான் பழகிய ஓர் இல்லத்தில் நடந்ததைச் சொல்கிறேன், அது விதிகளைவிடத் தெளிவாக விளக்கும். மாலை ஆறு முதல் ஏழு வரை வீட்டுக்குப் பேசும் நேரம். ஒரே தொலைபேசி. வாரத்தில் பாதிச் சண்டை அந்த வரிசையில்தான் வரும். ஊழியர்கள் அதை ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்த்தார்கள். வரிசையை மீறுபவனுக்கு இரண்டு நாள் பேச்சு கிடையாது என்பது அவர்கள் தீர்வு. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியபோது, முதல் பத்து நிமிடம் வழக்கமான கத்தல்தான். பிறகு, அதிகம் பேசாத ஒரு பையன், "ஆறு மணிக்கு எங்கம்மா வேலையில இருப்பாங்க, எடுக்க மாட்டாங்க" என்றான். இன்னும் நாலைந்து பேர் அதையே சொன்னார்கள். ஆறரைக்குப் பிறகு அழைத்தால்தான் வீட்டில் யாராவது எடுப்பார்கள் என்பதால் எல்லோரும் கடைசி அரை மணிக்கு முட்டிக்கொண்டிருக்கிறார்கள்! இது ஊழியர் ஒருவருக்கும் தெரியாது.

எட்டு மணிக்கு மாற்றுங்கள் என்றார்கள் பிள்ளைகள். எட்டு மணி ஷிப்ட் மாறும் நேரம், மாடியில் ஒரே ஆள்தான் இருப்பார், முடியாது என்றார் இரவுக் காவலர். அது பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியாது. பேசிப் பேசி, ஷிப்ட் மாறிய பிறகு எட்டரைக்கு, வாரத்தில் சில நாட்கள், முந்தின நாளே பெயர்ப்பட்டியல் ஒட்டுவது, எடுக்காத அழைப்பு மறுநாளுக்குத் தொடர்வது என்று முடிவானது. ஒரு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம் என்றார் கண்காணிப்பாளர். பட்டியலை எழுதும் வேலையை ஒரு பிள்ளையும் ஒரு ஊழியரும் சேர்ந்து செய்தார்கள். சண்டை அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் தொலைபேசிக்கான சண்டை நின்றது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, இரு தரப்பும் மற்றவருக்குத் தெரியாத ஒன்றைக் கையில் வைத்திருந்தது. முடிவைப் பகிர்வதற்கு முன்னால் தகவலைப் பகிர வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு நிலவரம் தெரியாவிட்டால் அவர்கள் கேட்பதெல்லாம் அடாவடி போலத்தான் தெரியும்.

இது போன்றவற்றில் தொடங்குங்கள். தொலைபேசி நேரம், விடுமுறை நாளின் கால அட்டவணை, பொது அறையை யார் எப்போது பயன்படுத்துவது, உணவுப் பட்டியல், குடும்பத்தார் வரும் நாளின் ஏற்பாடு, புதிதாக வருபவரை வரவேற்கும் முறை. இவை பெரியவர்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். உள்ளே இருப்பவருக்கு வாழ்க்கையே இவைதான். நம்பிக்கை வந்த பிறகு இன்னும் கனமானவற்றுக்குப் போகலாம். நன்னடத்தைப் புள்ளி முறையை மாற்றி எழுதுவது, புதிய ஊழியரைத் தேர்வு செய்யும்போது பிள்ளைகளின் கேள்விகளையும் கேட்பது, அறைச் சோதனை எந்த முறையில் நடந்தால் அவமானமாக இருக்காது என்று பேசுவது. பாதுகாப்பு, மருத்துவம், நீதிமன்ற உத்தரவு, யாரை எந்த அறையில் வைப்பது ஆகியவை உங்கள் பொறுப்பு. அதில் பிள்ளைகளின் கருத்தைக் கேட்கலாம், முடிவை அவர்கள் தலையில் சுமத்தக்கூடாது. இதை மறைக்காமல் சொல்லுங்கள். ரோஜர் ஹார்ட் 1992-ல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். கீழ் மூன்று படிகளை, அதாவது பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்ப்பது ஆகியவற்றை, அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. பூட்டிய கதவுக்குள் உச்சிப் படிக்குப் போக முடியாது. நடுப்படியில் நேர்மையாக நிற்க முடியும்.

கடைசிச் சொல் யாருடையது என்று கேட்டீர்கள். சட்டப்படி உங்களுடையது. நாளைக்கு ஏதாவது நடந்தால் பதில் சொல்லப்போவது பிள்ளைகள் குழு அல்ல, நீங்கள். அதனால் மறுக்கும் உரிமை உங்களிடம் இருக்கட்டும், ஆனால் அதற்கு ஒரு விலை வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். எந்த மாற்றம் வந்தால் மறுபடி பரிசீலிப்பீர்கள் என்றும் எழுத வேண்டும். கூட்டப் பதிவேட்டில் கேட்டது என்ன, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் பதில், பதில் என்ன, காரணம் என்ன என்று ஐந்து கட்டங்கள் போதும். அதன் ஒரு நகல் பிள்ளைகள் பார்க்கும் சுவரில் இருக்க வேண்டும். பல இல்லங்களில் குழு செத்துப்போவது 'முடியாது' என்ற பதிலால் அல்ல. 'பார்க்கலாம்' என்ற பதிலால்தான்.

ஊழியர்களைப் பற்றிப் பலர் பேசாமல் விடுவதைச் சொல்லியாக வேண்டும். தன் டியூட்டி அட்டவணையில்கூடத் தன் சொல் எடுபடாத ஊழியரிடம் போய், பிள்ளைகளின் சொல்லுக்கு மதிப்புக் கொடு என்றால் அவருக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்குக் கூட்டம், எனக்கு மெமோவா என்று கேட்பார், அதில் நியாயமும் இருக்கிறது. எனவே பிள்ளைகள் கூட்டத்தைத் தொடங்குவதற்கு முன்னால் ஊழியர் கூட்டத்தைத் தொடங்குங்கள். அதே பதிவேடு, அதே ஐந்து கட்டங்கள், அதே தேதிக் கட்டுப்பாடு. பிள்ளைகளோடு எடுத்த முடிவை ஊழியர் முதன்முறையாகப் பிள்ளை வாயால் கேட்கும் நிலை வரவே கூடாது. அந்த ஒரு சங்கடம் போதும், மறுநாளிலிருந்து அவர் முடிவைச் சத்தமில்லாமல் முடக்கிவிடுவார். சாவி கிடைக்கவில்லை, பட்டியல் வரவில்லை, மேலே கேட்க வேண்டும் என்று நாள் போகும். ஒவ்வொரு ஷிப்டிலிருந்தும் ஒருவராவது கூட்டத்தில் உட்கார வேண்டும், முக்கியமாக இரவு ஷிப்டிலிருந்து. பிள்ளைகளை அதிகம் அறிந்தவர்கள் அவர்கள்தான், அவர்களை யாரும் எதையும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1983-ல் பூன்வில்லில் இருந்த தன் பெரிய சீர்திருத்தப் பள்ளியை மூடிவிட்டுச் சிறிய இல்லங்களுக்கு மாறியது. அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவாகவே பிள்ளைகள் படிப்பார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். ஒரே ஊழியர் குழு அவர்களோடு தொடர்ந்து இருக்கும். மனதில் ஏதாவது குமைந்தால், ஊழியர் மட்டுமல்ல, எந்தப் பிள்ளையும் வட்டத்தைக் கூட்டலாம். செய்வதை நிறுத்திவிட்டு எல்லோரும் வட்டமாக நின்று கேட்பார்கள். அங்கே அது நடப்பதற்குக் காரணம் வட்டம் என்ற உத்தி மட்டுமல்ல. குழு சிறியது, ஊழியர்கள் மாறிக்கொண்டே இருப்பதில்லை. ஐம்பது பேரை ஒரே கூடத்தில் அடைத்துவிட்டு வட்டம் கூட்டினால் சந்தைக் கூச்சல்தான் மிஞ்சும். உங்கள் இல்லம் பெரியதென்றால் கூடம்வாரியாகச் சிறு கூட்டங்களை வையுங்கள், அங்கிருந்து இரண்டு இரண்டு பேர் பொதுக்குழுவுக்கு வரட்டும்.

குழுக் கூட்டத்தைவிட முக்கியமான பகிர்வு தனித்தனியாக நடப்பது என்றுகூடச் சொல்வேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் படிப்பு, பயிற்சி, சிகிச்சை, வெளியே போன பிறகு எங்கே தங்குவது என்று ஒரு திட்டம் எழுதுகிறோம். பெரும்பாலும் பிள்ளை இல்லாத அறையில் எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறோம். அதை மாற்றுங்கள். வந்த முதல் வாரத்திலேயே, "உனக்குக் கோபம் ஏறப்போகிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அப்போது நாங்கள் என்ன செய்தால் உதவும், என்ன செய்தால் மோசமாகும்?" என்று கேட்டு அவன் சொற்களிலேயே எழுதுங்கள். தோளில் கை வைத்தால் பதறுகிற பிள்ளை உண்டு. தனியே விட்டால் அடங்குகிற பிள்ளையும் உண்டு, தனியே விட்டால் தன்னையே காயப்படுத்திக்கொள்கிற பிள்ளையும் உண்டு. இந்த ஒரு பக்கத் தாள் எல்லா ஷிப்டிலும் இருந்தால், பிடித்து அமுக்க வேண்டிய நிலைகளில் பலவற்றைத் தவிர்க்கலாம். ஊழியருக்கும் அடி படாது.

புகார்களை இதோடு கலக்காதீர்கள். ஊழியர் அடித்தார், சக பிள்ளை தொல்லை தருகிறான் என்பதெல்லாம் குழுக் கூட்டத்தில் பேசித் தீர்க்கும் விஷயங்கள் அல்ல. அவை இல்லத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம், இல்லத்தார் யாரும் பிரிக்க முடியாத வழியில் போய்ச் சேர வேண்டும். பிள்ளைகள் குழுவுக்குச் சட்ட ஆதாரமும் இருக்கிறது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு இளைஞர் நீதி மாதிரி விதிகள், ஒவ்வொரு இல்லத்திலும் வயதுவாரியாகப் பிள்ளைகள் மட்டுமே உறுப்பினராக இருக்கும் குழுக்களைக் கேட்கின்றன. குழந்தை உரிமைகளுக்கான 1989-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது. மேலதிகாரி யாராவது இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், எடுத்துக் காட்ட உங்களுக்கு இவை உதவும்.

தொடக்கத்தில் இரண்டு சிக்கல்கள் வரும். பிள்ளைகள் அடிக்கடி மாறுவார்கள், குழுவில் தேறிய பையன் திடீரென்று ஒரு நாள் விடுதலையாகிப் போவான். அதனால் ஒவ்வொரு கூட்டத்தையும் சென்ற கூட்டத்தின் பதிவை வாசித்துத் தொடங்குங்கள். புதிதாக வருபவருக்கு இந்த ஏற்பாட்டை ஒரு பிள்ளையும் ஒரு ஊழியரும் சேர்ந்து விளக்கட்டும். மற்றது, எப்போதாவது ஒரு பெரிய கலவரமோ தப்பி ஓட்டமோ நடக்கும். அன்று எல்லோரும் முதலில் கைகாட்டுவது இந்தக் குழுவைத்தான். சிலர் செய்ததற்காக எல்லோருடைய கூட்டத்தையும் பறிக்காதீர்கள். கோர்ச்சாக்கே தம் நீதிமன்றத்தைச் சிறிது காலம் நிறுத்தி, குறைகளைச் சரிசெய்து, மீண்டும் தொடங்கினார். நிலைமை உண்மையிலேயே மோசமாகி நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், ஏன் நிறுத்துகிறீர்கள், எந்தத் தேதியில் மீண்டும் கூடும் என்பதை அதே சுவரில் எழுதி ஒட்டிவிட்டு நிறுத்துங்கள்.